ஆட்டம் வேண்டிய இடமும் கூடாத இடமும்: கம்பி-பித்தளை சேஸியோடு ஐந்து வருடம்

என் பெட்டியில் இருக்கும் ஸ்லாட் கார்களிலேயே (தடத்தில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் சின்னக் கார்கள்) பழையதும், பார்க்கச் சகிக்காததும், அதிகம் ஓடியதும் ஒரே கார்தான். மேலே 1/24 அளவில் லோலா டி70 பந்தயக் காரின் லெக்சான் (மெல்லிய பிளாஸ்டிக்) பாடி. கீழே நானே கம்பி வளைத்து, பித்தளை வெட்டி, சால்டர் வைத்துச் செய்த சேஸி, அதாவது அடிச்சட்டம். செய்து ஐந்து வருடம் ஆகிறது. இதற்குள் மூன்று முறை பாதிக்கு மேல் பிரித்து மறுபடி பற்றவைத்துவிட்டேன். புதிதாக வாங்கிய பொருளைப் பற்றி ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். இது போன்ற ஒன்றைப் பற்றி எழுத இவ்வளவு காலம் தேவைப்பட்டது.

1960களில் வணிகத் தடங்களில் ஸ்லாட் கார் ஓட்டியவர்கள் பித்தளைக் குழாயும் தகடும் வைத்துச் சட்டம் கட்டினார்கள். அப்புறம் பியானோ கம்பிக்கு, அதாவது துள்ளும் எஃகுக் கம்பிக்கு, வந்தார்கள். ரெட்ரோ பிரிவு என்பது அந்தக் கால முறையையும் அந்தக் காலப் பாடிகளையும் பிடித்துக்கொண்டு ஓட்டுவது. லோலாவை நான் தேர்ந்ததற்குப் பெரிய காரணம் இல்லை. கேன்-ஆம் பந்தயத் தொடர் 1966இல் தொடங்கியபோது முதல் பட்டத்தை ஜான் சர்டீஸ் இந்தக் காரில்தான் வென்றார். அது போதுமானதாக இருந்தது.

முதலில் உடல் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் மோட்டாரும் பின் அச்சும் உட்காரும் பித்தளை பிராக்கெட். முன்னால் கைடு (பள்ளத்துக்குள் இறங்கிக் காரை வழிநடத்தும் துண்டு) பொருந்தும் 1.6 மி.மீ. பித்தளை நாக்கு. இரண்டையும் இணைக்கும் பியானோ கம்பித் தண்டுகள், பக்கத்துக்கு இரண்டு. வெளிப்பக்கங்களில் 0.8 மி.மீ. பித்தளைத் தகட்டில் வெட்டிய இரண்டு பக்கத் தட்டுகள். 75-க்கு 20 மி.மீ. அளவில் வெட்டினால் ஒவ்வொன்றும் சுமார் 10 கிராம் வரும். இந்தத் தட்டுகள் நடுச்சட்டத்தோடு இறுகப் பற்றவைக்கப்படவில்லை. குழாய்க்குள் கம்பி என்ற எளிய கீலில் தொங்குகின்றன. பாடி இந்தத் தட்டுகளில்தான் மாட்டப்படுகிறது, நடுச்சட்டத்தில் அல்ல. காரைக் கையில் எடுத்துக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வருடம் முழுக்க அந்தச் சத்தத்தைக் குறைப்பதிலேயே போனது.

முதல் வடிவத்தில் தண்டுகள் எல்லாம் 1.57 மி.மீ. கம்பி. உறுதியாக இருந்தால் நேராக ஓடும் என்ற நினைப்பு. நேர்ப்பாதையில் ஓடவும் செய்தது. வளைவுக்குள் போனதும் பின்பக்கம் குதிக்கும். வழுக்காது, தத்தித் தத்திப் போகும். நான்காவது சுற்றில் பள்ளத்தை விட்டு வெளியே பறக்கும். டயரைக் குறை சொன்னேன், தடத்தைக் குறை சொன்னேன். பக்கத்து லேனில் ஓட்டும் ஒரு பெரியவர் சேஸியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தார். "தம்பி, பாலம் கட்டி வச்சிருக்கீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான், வேறு விளக்கம் எதுவும் தரவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது அசந்துபோனேன். உருண்டைக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1.19 மி.மீ. கம்பியை 1.40 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விறைப்போ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 1.57 ஆக்கினால் மூன்று மடங்கு. நான் "கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும்" என்று எடுத்த கம்பி, மற்றவர்கள் போடுவதைவிட மூன்று மடங்கு முரடு. அடுத்த முறை எல்லாவற்றையும் 1.19 ஆக்கினேன். இப்போது வளைவுகளில் தேன் போல ஓடியது, ஆனால் நேர்ப்பாதையில் கையிலுள்ள கன்ட்ரோலரின் ட்ரிகரை முழுசாக அழுத்தினால் மூக்கு தூக்கிக் கைடு பள்ளத்திலிருந்து எழுந்தது. கடைசியில் நின்றது பக்கத்துக்கு ஒரு 1.40, ஒரு 1.19. இந்தக் கலவை எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். என் டயருக்கும், 112 கிராம் எடைக்கும், நான் ட்ரிகரைப் பிடிக்கும் விதத்துக்கும் பொருந்தியது.

கம்பியோடு பழகுவது தனிக் கலை. பியானோ கம்பியைச் சாதாரணக் கட்டிங் பிளையரால் வெட்டினால் பிளையரின் வாயில்தான் பள்ளம் விழும். வெட்டு வட்டு போட்ட சின்ன கிரைண்டர்தான் சரி. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். 90 டிகிரி வேண்டுமென்றால் அதைத் தாண்டி வளைக்க வேண்டும், விட்டதும் திரும்பி வரும். கூர்மையாக ஒடித்து வளைத்தால் அந்த இடத்தில் விரிசல் பிடித்து, ஆறு மாதம் கழித்து ஒரு மோதலில் ஒடியும். எனக்கு ஒடிந்தது.

சால்டரிங்கில் நான் செய்த தவறுகளை எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பித்தளை வெப்பத்தை உறிஞ்சி ஓடிவிடும். 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு அரை நிமிடம் தேய்ப்பதைவிட, 60 வாட்டுக்கு மேல் உள்ள அயர்னில் அகல முனை மாட்டி மூன்று நொடியில் முடிப்பது நல்லது. 60/40 சால்டர் 183 முதல் 190 டிகிரிக்குள் உருகிவிடும், அந்தச் சூட்டில் கம்பியின் துள்ளல் போகாது. தீச்சுடர் காட்டிச் சிவக்க விட்டால் போய்விடும். சேர்க்கும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்க வேண்டும். முனையோடு முனை வைத்துப் பற்றவைக்காமல், ஒன்றின்மேல் ஒன்று படிய வைக்க வேண்டும். சால்டர் பசை மாதிரி. பரப்பு இருந்தால் பிடிக்கும், குவியலாக வைத்தால் பிடிக்காது. பெரிய மோதல் விழும் முன்பகுதியில் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டிவிட்டு அதன்மேல் சால்டர் ஓடவிடுகிறேன். அந்த இணைப்புகள் ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட விடவில்லை.

சால்டர் ஒட்டுவதற்காக உலோகத்தைச் சுத்தமாக்கும் ஃப்ளக்ஸில், எஃகுக்கு அமில ஃப்ளக்ஸ்தான் வேலை செய்கிறது. ஆனால் அதைக் கழுவாமல் தூங்கப் போனால் காலையில் கம்பி முழுக்கத் துரு. முதல் சேஸியை அப்படித்தான் பழுப்பாக்கினேன். சமையல் சோடா கலந்த நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் அலசி, உடனே உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவுவது இப்போது பழக்கமாகிவிட்டது. இன்னொன்று: ஃப்ளக்ஸ் ஆவி பட்டாலே பால் பேரிங் கெடும். பிராக்கெட்டைப் பற்றவைக்கும்போது பேரிங், மோட்டார் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. போலி அச்சைச் செருகி, சால்டர் ஒட்டக்கூடாத இடத்தில் மார்க்கர் பேனாவால் கிறுக்கிவிடுகிறேன்.

தட்டையாக நிற்பது பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஜிக்கில் (பாகங்களை அசையாமல் பிடிக்கும் பலகை) பின் குத்தி, எல்லாம் அளந்து, நேராகப் பற்றவைத்த சட்டத்தை எடுத்துத் தடித்த கண்ணாடிப் பலகையில் வைத்தால் ஒரு மூலை டக் டக் என்று ஆடும். காரணம் எளிது. சூட்டில் பித்தளை எஃகைவிட அதிகம் நீளும். 100 மி.மீ. நீளத்தில் 150 டிகிரி சூடேறினால் வித்தியாசம் 0.1 மி.மீ. அளவு வரும். நீண்ட நிலையில் ஒட்டிவிட்டு ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்க, சட்டம் முறுக்கிக்கொள்கிறது. கையால் முறுக்கி நேராக்கினால் அடுத்த மோதலில் பழையபடி ஆகிவிடும். ஜிக்கில் மறுபடி அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பாக அயர்னைத் தொட்டு உருகவிட்டு ஆறவிடுவதுதான் நிற்கிறது. ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றித் தொட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் இந்த ஒரு வேலைக்குப் பிறகு கிடைத்த முன்னேற்றம் எந்த மோட்டார் மாற்றத்திலும் கிடைக்கவில்லை.

ஆட்டம் துளியும் கூடாத இடம் பின்பகுதி. பின் அச்சின் இரண்டு பேரிங்குகளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அச்சைச் செருகி விரலால் சுண்டினால் தானாகச் சுழன்று மெதுவாக நிற்க வேண்டும். மோட்டாரின் முன்முனையிலிருந்து தண்டுக்கு ஒரு சின்னக் கம்பித் தாங்கல் கொடுத்தேன். அதற்கு முன் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின் அச்சிலுள்ள கிரவுன் கியர் அலறும். கியருக்கும் மோட்டாரின் பினியனுக்கும் (சின்னப் பல்சக்கரம்) இடையே மெல்லிய காகிதத் துண்டை விட்டு அழுத்தி இடைவெளி வைக்கிறேன். காகிதம் கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்து வெளியே வந்தால் சரி.

முன்சக்கரங்களுக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. ஒவ்வொன்றும் தனியாகச் சுழன்றால் போதும். அவை தடத்தை லேசாகத் தொடலாம், கைடைப் பள்ளத்திலிருந்து தூக்கிவிடக் கூடாது. அதை மட்டும் பார்க்கிறேன்.

இப்போது இந்த சேஸி எனக்குக் கொடுத்த ஆச்சரியத்துக்கு வருகிறேன். மூன்றாவது வருடம், காரை ஒன்றுமே செய்யாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரெய்டு (கைடில் மின்சாரம் எடுக்கும் பின்னல் கம்பி) மாற்றுவது, டயர் துடைப்பது, அவ்வளவுதான். சுற்று நேரம் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. என் கை தேறிவிட்டது என்று பெருமைப்பட்டேன். ஒரு நாள் சுத்தம் செய்யும்போது பார்த்தால் பக்கத் தட்டின் கீல் குழாய்கள் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தன. பித்தளைக் குழாய்க்குள் எஃகுக் கம்பி ஆடிக்கொண்டே இருந்தால் பித்தளைதானே தேயும். பொறுப்பான ஆளாகப் புதுக் குழாய் போட்டேன், இறுக்கமாக, அழகாக. கார் கெட்டுப்போனது. அதே வளைவு, அதே டயர், அதே கை. பழைய தத்தல் திரும்பிவிட்டது.

எனக்குப் புரிந்தது இதுதான். வளைவில் பின்டயர் பிடித்துப் பிடித்து விடும்போது வரும் அதிர்வைத் தொங்கும் தட்டுகளின் எடை தன் போக்கில் வாங்கிக்கொள்கிறது. கீல் இறுக்கமானால் தட்டும் சட்டமும் ஒரே துண்டாகி, அதிர்வு நேராகக் கைடுக்குப் போகிறது. 1.57 கம்பிக்கு 1.67 உட்துளைக் குழாய் என்று 0.1 இடைவெளியில் நான் கட்டிய கீல், தேய்ந்து 0.3 ஆனபோதுதான் நன்றாக ஓடியது. பிறகு 1.9 மி.மீ. துளைப்பானைக் கையால் சுழற்றிப் புதுக் குழாயை வேண்டுமென்றே அகலமாக்கினேன். போன வேகம் திரும்பி வந்தது. இன்னும் பெரிதாக்கிப் பார்த்த ஆசைக்குப் பலன், தட்டு தொங்கித் தடத்தில் உரசியது. மேல்கீழ் ஆட்டத்துக்கு எல்லைக் கம்பி ஒன்று வைத்து, ஒரு மில்லிமீட்டருக்குள் நிறுத்தியிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. லேசரில் வெட்டிய எஃகு சேஸியைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டினால் முதல் நாளே இதைவிட வேகமாக ஓடும். அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். இதில் ஒரே அளவில் இரண்டு கட்டினாலும் இரண்டும் இரண்டு குணம். என்னுடைய இரண்டாவது சேஸி எல்லா அளவுகளிலும் முதலாவதின் நகல்தான். வலது வளைவில் மட்டும் இன்றுவரை நம்ப முடியவில்லை. நேரம் குறைவாக உள்ளவர்கள், பந்தயத்துக்கு முந்தின இரவு கார் தேவைப்படுபவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது. ஆனால் பந்தயத்தின் நடுவில் ஒரு தண்டு விட்டுப்போனால் அயர்னைச் சூடாக்கிப் பத்து நிமிடத்தில் ஒட்டி மறுபடி இறக்கலாம். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன், ஒரு முறை விரலையும் சுட்டுக்கொண்டேன்.

ஐந்தாவது வருட நிலவரம்: கைடு துளை தேய்ந்து ஒரு முறை புதுக் குழாய் வைத்தாயிற்று. தட்டுகளின் அடிப்பகுதி உரசி உரசிக் கண்ணாடி போல மின்னுகிறது. பாடி மூன்றாவது. மூலத்தில் கட்டியதில் இன்னும் மாறாமல் இருப்பது பின் பிராக்கெட் மட்டும்தான். மேசையில் அடுத்த சேஸிக்கான கம்பிகள் வளைத்துக் கிடக்கின்றன. அதன் கீல் குழாய்களை மட்டும், எதையும் பற்றவைப்பதற்கு முன்பே, 1.9-க்குத் துளைத்து வைத்துவிட்டேன்.