ட்ராமா கேஸ் பார்க்கும் தெரபிஸ்ட்டுகளுக்கான ஆன்லைன் சூப்பர்விஷன்: என் மதிப்பீடு

சிறுவயதுக் கொடுமை, வீட்டு வன்முறை மாதிரி கேஸ்களே அதிகம் வருகிற தெரபிஸ்ட்டுகளுக்காக இதை எழுதுகிறேன். நான் போகும் சூப்பர்வைசர் (நம் கேஸ்களைக் கேட்டு வழிகாட்டும் மூத்த தெரபிஸ்ட்) பல வருடம் ட்ராமா, அதாவது ஆழ்ந்த மனக்காயத்துக்கான சிகிச்சை செய்தவர், இப்போது பெரும்பாலும் சூப்பர்விஷன்தான். தனியாகவும் எடுக்கிறார், சிறு குழுவாகவும் எடுக்கிறார். இரண்டிலும் இருந்து பார்த்தேன்.

முன்பு போன இடத்தில் நான் கேஸை ஒப்பிப்பேன், அடுத்து எந்த டெக்னிக் என்று சொல்வார்கள், அவ்வளவுதான். இவரிடம் ஒருமுறை ஒரு கிளையண்ட்டைப் பற்றி மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனேன், நிறுத்தி, "செஷன்ல அவங்களும் இப்படித்தான் பேசுவாங்களா?" என்று கேட்டார். அப்படியேதான். கிளையண்ட்டின் பதற்றம் தெரபிஸ்ட் வழியாக சூப்பர்விஷனுக்குள்ளும் வந்து உட்கார்வதைப் பற்றி அமெரிக்க மனநல மருத்துவர் ஹெரால்ட் சேர்ல்ஸ் 1955-லேயே எழுதிவிட்டார், பேரலல் ப்ராசஸ் என்று நாமெல்லாம் பரீட்சைக்குப் படித்ததுதான், ஆனால் நடந்துகொண்டிருக்கும்போதே பிடித்துக் காட்ட ஆள் வேண்டும்.

அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்சா, ட்ராமா உள்ளவர்களை அணுகுவதற்காக 2014-இல் வெளியிட்ட ஆறு கொள்கைகளை (பாதுகாப்பு, வெளிப்படைத்தன்மை, தேர்வுரிமை வகையறா) இன்று எல்லோரும் தங்கள் அறிமுகப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இவர் அதை நம்மிடமே செய்கிறார். நாம் சொல்வதில் எது குறிப்பேட்டில் ஏறும், எந்தச் சூழலில் ரகசியம் காக்க முடியாது என்பதெல்லாம் முதல் நாளே பேசி முடிவாகிவிடும். குழுவில் யாராவது கொடூரமான விவரங்களுக்குள் இறங்கினால், "இது இல்லாம கேஸ் புரியாதா?" என்று மெதுவாகக் கேட்பார், கேட்டுக்கொண்டிருக்கிற மற்றவர்கள் அதை வீட்டுக்குச் சுமந்துபோக வேண்டியதில்லை பாருங்கள். கிளையண்ட்டுக்கு இன்னும் தூக்கமே சரியாகவில்லை, அதற்குள் நினைவுகளைத் தோண்ட நாம் அவசரப்பட்டால் விடமாட்டார். ட்ராமாவிலிருந்து மீள்வதற்கு மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் சொன்ன மூன்று கட்டங்களில் முதலாவது, பாதுகாப்பு, அதிலேயே வாரக்கணக்கில் நிற்க வைப்பார்.

குறைகள் உண்டு. குழுவில் பேச்சு வல்லவர் ஒருவர் இருந்தால் மற்றவர் கேஸுக்கு நேரமே மிஞ்சாது, இவ்வளவு அனுபவசாலி அதை ஏன் விட்டுவிடுகிறார் என்று தெரியவில்லை. எழுத்தில் கருத்து கேட்டால் தாமதமாகத்தான் வரும், அதுவும் இரண்டு வரி. கேள்விக்குக் கேள்வியே பதிலாக வருவதால் புதியவர்கள் எரிச்சலாகலாம். ஆனால் தற்கொலை அபாயம், குழந்தைப் பாதுகாப்பு என்று வந்தால் அந்த விளையாட்டெல்லாம் கிடையாது, இன்றே என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுவார்.

இன்னொன்று, நம் சொந்தக் காயம் கிளறப்பட்டால் அது வேலையை எப்படிப் பாதிக்கிறது என்பது வரைதான் பேசுவார். மிச்சத்தை உங்கள் தெரபிஸ்ட்டிடம் கொண்டுபோங்கள் என்பார். எங்கள் குழுவில் ஒருவருக்கு அது ஒதுக்குவது மாதிரி பட்டது, எனக்கு அதுதான் சரி என்று தோன்றுகிறது.

சான்றிதழுக்கு மணிக்கணக்கு சேர்க்க மட்டும் ஆள் தேடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. சேர்வதானால் முதலில் தனி செஷனில் தொடங்குங்கள், குழு அப்புறம்.