வார்டுக் கோடியில் குழாயா, கட்டிலருகே குப்பியா?

சென்னையில் நான் தொற்றுத்தடுப்புச் செவிலியராகப் பணியாற்றும் மருத்துவமனையில் பொது மருத்துவ வார்டைப் புதுப்பித்தபோது, இருந்த நிதியில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடிந்தது: கூடுதலாக வாஷ்பேசின்கள் கட்டுவது, அல்லது ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஆல்கஹால் ஹேண்ட்ரப், அதாவது தண்ணீரின்றிக் கையில் தேய்த்துக்கொள்ளும் திரவத்தின் குப்பிக்கு ஒரு தாங்கி பொருத்துவது. வாசலருகே ஏற்கெனவே இருந்த பேசினை நன்றாகச் சீரமைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தைக் குப்பிகளுக்கே ஒதுக்கலாம் என்று குழுவில் வாதாடினேன், அதுவே முடிவாயிற்று. இன்றும் நான் குப்பியின் கட்சிதான்.

கிருமியைக் கொல்லும் திறனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கண்ணுக்கு அழுக்குத் தெரியாத கையில் ஆல்கஹால் திரவம் சாதாரண சோப்பைவிட விரைவாகவும் கூடுதலாகவும் கிருமிகளைக் குறைக்கிறது. ரத்தமோ சளியோ மலமோ பட்ட கைக்குச் சோப்பும் தண்ணீரும்தான் சரி. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகள் (கடினமான உறைக்குள் உறங்கிக் கிடக்கும் வடிவம்) ஆல்கஹாலுக்குச் சாகாது என்பதால், அந்த நோயாளியைத் தொட்ட கையும் குழாயடிக்குத்தான் போக வேண்டும். கையுறை இவ்விரண்டுக்கும் மாற்று அன்று. கழற்றும்போதே கை மாசுபடக்கூடும் என்பதால், கழற்றியதும் கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

நேரக்கணக்கும் குப்பிக்கே சாதகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி ஹேண்ட்ரப் தேய்க்க 20 முதல் 30 விநாடிகளும், சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க 40 முதல் 60 விநாடிகளும் ஆகும். நோயாளியைத் தொடும் முன், ஊசி, கதீட்டர் போன்ற வேலைகளுக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டிலையோ பொருளையோ தொட்ட பின் என்ற ஐந்து தருணங்களும் சேர்ந்து ஒரு செவிலியருக்கு மணிக்கு 20 முறை வருவதாக வைத்துக்கொண்டால், சோப்புக்கு மட்டுமே 20 நிமிடம் வரை போய்விடும். பேசின்வரை போய் வரும் நடை தனி. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் தொற்றுத்தடுப்பு மருத்துவர் டிடியர் பிட்டேயின் குழுவினர் கட்டிலருகே ஹேண்ட்ரப் வைத்து நடத்திய இயக்கத்தில், 1994இல் 48 விழுக்காடாக இருந்த கைச்சுத்தக் கடைப்பிடிப்பு 1997இல் 66 விழுக்காடானது. அங்கே சோப்பால் கழுவும் வழக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்க, கூடியது முழுக்க ஹேண்ட்ரப் பயன்பாடுதான்.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது நேரம் அன்று, பராமரிப்பு. ஒரு பேசின் உண்மையிலேயே பயன்பட வேண்டுமானால் தண்ணீர், சோப்பு, கை துடைக்கத் தாள், அடைப்பில்லாத வடிகால் ஆகிய நான்கும் இரவு இரண்டு மணிக்கும் இருந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மற்ற மூன்றும் வீண். தாள் தீர்ந்துபோன இரவு டூட்டியில், ஈரக்கையைச் சீருடையின் பக்கவாட்டில் ஒற்றிக்கொண்டே வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போடப் போகும் செவிலியரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஈரக்கை உலர்ந்த கையைவிட எளிதில் கிருமியைக் கடத்தும் என்பது அவருக்குத் தெரியாதது அன்று, துடைக்க எதுவும் இல்லை, அவ்வளவுதான். சோப்புக் கட்டி கிண்ணத்தில் நீரில் ஊறிக் கொழகொழத்துக் கிடந்தால் அதிலேயே கிருமி தங்கும். திரவச் சோப்புக் குப்பியைக் கழுவி உலர்த்தாமல் மேலும் மேலும் ஊற்றினாலும் அதே கதை. வடிகாலின் ஈரத்தில் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா வளர்ந்து, குழாயைத் திறக்கும்போது தெறிக்கும் நீரோடு பக்கத்து மருந்துத் தட்டுக்கு வந்து சேரக்கூடும்.

சென்னையில் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத்தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, நகரமே லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக் கிடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குழாயை மட்டுமே நம்பிய கைச்சுத்தம் அப்படியொரு கோடையில் என்ன ஆகும்?

குப்பிக்குப் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும்: தீர்ந்துபோவது. அது வெளியிலிருந்தே தெரியும். யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றும்வரை அடுத்த கட்டிலில் ஒன்று இருக்கும். மருத்துவமனையின் மருந்தகமே உலகச் சுகாதார நிறுவனத்தின் செய்முறைப்படி, 80 விழுக்காடு எத்தனாலோடு கிளிசராலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துத் தயாரித்துக்கொள்ளவும் முடியும். ஆனால் குப்பிகளில் தப்பியிருக்கும் வித்துகளை அந்தப் பெராக்சைடு அழிக்க, நிரப்பிய பின் 72 மணி நேரம் தனியே வைத்திருந்துதான் வார்டுக்கு அனுப்ப வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் மின்விசிறி மட்டுமே உள்ள வார்டில் வியர்த்த கையில் தேய்த்தால் திரவம் நீர்த்துவிடும் என்பதையும், கட்டைவிரலும் விரல்நுனிகளும் எளிதில் விடுபடும் என்பதையும் ஒவ்வொரு புதிய அணிக்கும் செய்து காட்டுகிறோம். இரண்டும் செய்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று சோப்புப் போட்ட கையோடு ஹேண்ட்ரப்பும் தேய்ப்பவர்களுக்குத்தான் தோல் வெடிக்கிறது. வெடித்த கை எரிவதால் பிறகு இரண்டையும் தவிர்க்கிறார்கள்.

அறுவை அரங்கிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் நான் நீண்ட காலம் பணியாற்றியதில்லை; அங்கே இதே முடிவை வற்புறுத்த மாட்டேன். நோயாளிக்குக் கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, துணி மாற்றும் அட்டெண்டர்களுக்கும் பேசின்தான் பொருத்தம். மதுப் பழக்கத்தை நிறுத்திய நடுக்கத்தோடு சேர்க்கப்படும் நோயாளி ஹேண்ட்ரப்பைக் குடித்துவிடும் ஆபத்து இருப்பதால், அத்தகையவரின் கட்டிலிலிருந்தும் அதன் இருபுறத்துக் கட்டில்களிலிருந்தும் குப்பியை எடுத்துவிட்டு, செவிலியரின் சட்டைப்பையில் சிறு குப்பியாகக் கொடுத்துவிடுகிறோம்.