சிஸ்சிடிஎல்: பார்க்க அருமை, நிலைக்க வைக்கத்தான் பாடு

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அமைப்புகளைக் கமாண்ட் லைனில் பார்க்கவும் மாற்றவும் உள்ள கருவி சிஸ்சிடிஎல். டெபியன், உபுண்டு, ஃபெடோரா என எதை எடுத்தாலும் ப்ராக்பிஎஸ் தொகுப்பில் இருக்கும், காசு கிடையாது. காரைக்குடிக் கடையில் ஓடும் பில்லிங் கணினி, கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பங்களாவில் விருந்தினருக்கு இணையம் பகிரும் பழைய பெட்டி, இப்படிப் பக்கத்தில் ஆள் நிற்காத மெஷின்களை மனதில் வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

பார்ப்பதில் குறை சொல்ல இடமில்லை. "சூடோ சிஸ்சிடிஎல் -ஏ" என்றால் மொத்தமும் கொட்டும் (சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது). சூடோ இல்லாமல் ஓட்டினால் சில வரிகளுக்கு "பர்மிஷன் டினைட்" வரும், அது கோளாறு அல்ல. அமைப்பின் பெயரில் வரும் ஒவ்வொரு புள்ளியும் /ப்ராக்/சிஸ் என்பதற்குள் ஒரு ஃபோல்டர். நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட் என்பதை, முகப்பு தாண்டி வளவு, வளவு தாண்டி இரண்டாங்கட்டு என்று செட்டிநாட்டு வீட்டுக்குள் போவது போலப் படித்துக்கொண்டு போகலாம். ஈத்0.100 போல இன்டர்ஃபேஸ் பெயரிலேயே புள்ளி இருந்தால் மட்டும் குழம்பும். அங்கே புள்ளிக்குப் பதில் சாய்கோடு போட்டு, நெட்/ஐபிவி4/கான்ஃப்/ஈத்0.100/ஆர்பி_ஃபில்டர் என்று எழுத வேண்டும்.

மாற்றுவதும் ஒரே வரிதான்: "சூடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ விஎம்.ஸ்வாப்பினெஸ்=10". சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக் கூடாது. ஃபைலில் எழுதும்போது விடலாம், இங்கே விட்டால் திட்டும். "சூடோ எக்கோ 1 > /ப்ராக்/சிஸ்/..." என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சூடோ எக்கோவுக்குத்தான் சேரும். ஃபைலைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல், அதனால் அனுமதி மறுக்கப்படும்.

கடைக்காரருக்கு உண்மையில் பயன்படுவது ஸ்வாப்பினெஸ் அல்ல. அதன் இயல்பு மதிப்பு 60. 10 ஆக்கினால் ஸ்வாப் (ரேமிலிருந்து தகவலை ஒதுக்கி வைக்க டிஸ்க்கில் உள்ள இடம்) பக்கம் போவது குறையும், ஆனால் ரேமே போதாத மெஷினை எந்த எண்ணும் காப்பாற்றாது. கவனிக்க வேண்டியது விஎம்.டர்ட்டி_எக்ஸ்பயர்_சென்டிசெக்ஸ். இயல்பாக 3000, அதாவது 30 விநாடி. எழுதிய தகவல் அவ்வளவு நேரம் டிஸ்க்குக்குப் போகாமல் ரேமிலேயே கிடக்கலாம். கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் செத்திருந்தால் கடைசியாகப் போட்ட பில் காணாமல் போவது இதனால்தான். ஒழுங்கான டேட்டாபேஸ் எஃப்சிங்க் போட்டு உடனே எழுதிவிடும். வெறும் ஃபைலில் சேமிக்கும் பழைய சாஃப்ட்வேர்தான் மாட்டும். அதற்கு இந்த 3000-ஐ 500 ஆகவும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை டிஸ்க்குக்கு எழுதக் கிளம்பும் என்று சொல்லும் விஎம்.டர்ட்டி_ரைட்பேக்_சென்டிசெக்ஸை இயல்பான 500-இலிருந்து 100 ஆகவும் குறைக்கலாம். டிஸ்க்குக்கு வேலை கூடும், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இழுப்பது தெரியும். புது பேட்டரி வாங்குவதுதான் சரியான வைத்தியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கெர்னல்.பேனிக் இன்னொன்று. இயல்பு 0 என்பதால் கெர்னல் விழுந்தால் யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை அப்படியே உறைந்து நிற்கும். 10 என்று வைத்தால் பத்து விநாடியில் தானே ரீபூட் ஆகும்.

இனி குறைக்கு வருவோம். -டபிள்யூ போட்டு மாற்றியது ரீபூட்டோடு போச்சு. நிலைக்க வேண்டுமானால் /இடிசி/சிஸ்சிடிஎல்.டி ஃபோல்டரில் 99-கடை.கான்ஃப் என்பது போல ஒரு ஃபைல் வைத்து, "சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம்" ஓட்ட வேண்டும். பலர் /இடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் ஃபைலில் எழுதி "-பி" போடுகிறார்கள். "-பி" அந்த ஒரு ஃபைலை மட்டுமே படிக்கும். டெபியன் 13-இல் பூட் ஆகும்போது அந்த ஃபைலை யாரும் சீண்டுவதே இல்லை. ஆக, இன்று "-பி" போட்டதும் வேலை செய்யும், நாளைக் காலை கடை திறந்தால் பழைய மதிப்பே நிற்கும். பிழைச் செய்தி ஒன்றும் வராது.

ஒரே அமைப்பு இரண்டு ஃபைலில் இருந்தால், பெயர் வரிசையில் கடைசியாக வருவது ஜெயிக்கும். --சிஸ்டம் ஓடும்போது எந்தெந்த ஃபைல் ஏறுகிறது என்று காட்டும். எது எதை அழித்தது என்று மட்டும் சொல்லாது. இவ்வளவு பழைய கருவியில் அது இல்லாதது எரிச்சல்தான். முடித்ததும் மதிப்பைத் திரும்பப் படித்துப் பார்ப்பது தவிர வழியில்லை.

"நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" வந்தால் எழுத்துப்பிழையா என்று முதலில் பாருங்கள், அடுத்து மாட்யூல், அதாவது கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றும் துண்டு. நெட்.பிரிட்ஜ் வகையறா, பிஆர்_நெட்ஃபில்டர் மாட்யூல் ஏறிய பிறகுதான் முளைக்கும். மாட்யூல் பெயரை /இடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி ஃபோல்டரில் எழுதி வைத்தால் பூட்டிலேயே ஏறிவிடும். இரண்டும் இல்லையென்றால் அமைப்பே கெர்னலிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். நெட்டில் சுற்றும் "ஸ்பீட் ஏற்றும்" பட்டியல்களில் இன்னும் டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள் இருக்கிறது. ஒரே ரவுட்டருக்குப் பின்னால் பல பேர் இருக்கும் விடுதி மாதிரி இடத்திலிருந்து வரும் இணைப்புகளை சர்வர் காரணமில்லாமல் கைவிட வைத்தது அதுதான், 4.12 கெர்னலிலேயே தூக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட பட்டியலை மொத்தமாக ஒட்டாதீர்கள்.

மாற்றுவதற்கு முன் "சூடோ சிஸ்சிடிஎல் -ஏ > முன்.டெக்ஸ்ட்", மாற்றி ரீபூட் செய்த பின் "பின்.டெக்ஸ்ட்", இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட ஒரு டிஃப். ராண்டம்.யூயூஐடி, ஃபைல்-என்ஆர் போன்ற தானே மாறும் வரிகள் சில வரும், அவற்றை விட்டுவிடுங்கள்.