வொர்க்ஸ்டேஷன் என்று சொல்லித் தலையில் கட்டுகிறார்கள்: ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறவர்கள் பார்த்து வாங்குங்கள்

நெல்லை, பாளை பக்கம் டிடிபி சென்டர் வைத்திருப்பவர்கள், ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று டிசைன் வேலையில் பிழைப்பவர்கள் யாராவது இப்போது கம்ப்யூட்டர் மாற்றும் யோசனையில் இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வொர்க்ஸ்டேஷன், அதாவது கனமான வேலைக்கான பெரிய கம்ப்யூட்டர் என்று சொல்லி ஒரு கடைக்காரர் பழைய சர்வர் மெஷினை என் தலையில் கட்டிவிட்டார். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

என்னிடம் இருந்தது எட்டாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆடி மாதம் வந்தால் நம்ம ஊரில் கோயில் கொடை பேனர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, அம்மன் படம் ஒரு பக்கம், விழாக் கமிட்டி ஒரு பக்கம், கீழே ஊர் இளைஞர்கள் வரிசையாக, ஒவ்வொரு தலையும் ஒரு லேயர், அதாவது தனி அடுக்கு. 20க்கு 10 அடி பேனரை அங்குலத்துக்கு 72 பிக்சல் ரெசல்யூஷனில் போட்டாலே 17,280 x 8,640 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 15 கோடி பிக்சல். அச்சுக்கான நாலு நிற முறையான சிஎம்ஒய்கேயில் பின்னணி லேயர் ஒன்றுக்கு மட்டும் சுமார் 600 எம்பி. அதன் மேல் இருபது லேயர் ஏறினால் 16 ஜிபி எங்கே போதும்? ராம் நிறைந்ததும் ஃபோட்டோஷாப் டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும், அங்கேதான் வேகம் குறையும். ஆக எனக்குத் தேவைப்பட்டது கூடுதல் ராம், அவ்வளவுதான். அதைக் கேட்டுத்தான் சிபியூவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எம்மா, இத வச்சா ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணுதிய? இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைய பாடம் படிக்கதுக்குள்ள மெஷின்லா. டிசைனர்னு போர்டு மாட்டிட்டு ஐ5 வச்சிருந்தா பார்ட்டி எப்படி மதிப்பான்?" என்றார். கடையில் நின்ற நாலு பேர் முன்னாலேயே இந்தப் பேச்சு. "அண்ணாச்சி, ராம் மட்டும் போடுங்க" என்று சொன்னதற்கு, "இந்த போர்டு 16க்கு மேல எடுக்காதும்மா, ஏத்துனா போர்டு போயிரும்" என்று பதில். இது முழுப் பொய். என்னுடையது ஹெச்310 மதர்போர்டு, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு தாராளமாக ஏறும், 32 வரை எடுக்கும். தொழில் தெரிந்த ஒருவர் இதைத் தெரியாமல் சொல்லியிருக்க மாட்டார்.

அப்புறம் உள்ளே இருந்து ஒரு பெரிய கறுப்பு டவரைக் கொண்டுவந்து வைத்தார். ஜியான் என்கிற இன்டெல் சர்வர் ப்ராசஸர் இரண்டு, குவாட்ரோ என்கிற கிராபிக்ஸ் கார்டு, "சர்வர் மெஷின், 24 த்ரெட், ஃபாரின்ல இருந்து சீல் பிரிக்காம வந்தது, சென்னையில பெரிய ஸ்டூடியோல இதான் வச்சிருக்கான்." விலை 58,000 ரூபாய், என் பழைய மெஷினையும் எடுத்துக்கொண்டார்.

நம்பி வாங்கிவந்து வேலையை ஆரம்பித்தேன். சீசன் நேரம். கமிட்டிக்காரர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தலைவர் படத்தை கொஞ்சம் மேல தூக்குங்க" என்கிறார்கள். மவுஸை இழுத்து நான் கையை எடுத்த பிறகுதான் தலைவர் முகம் தத்தித் தத்தி மேலே போகிறது. எழுத்து தட்டினால் "அருள்மிகு" முழுசும் அடித்து முடித்த பின்னால் திரையில் ஒவ்வொரு எழுத்தாக வருகிறது. சேவ் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கரண்ட் போனால் என் யூபிஎஸ் ஒரு தடவை கத்திவிட்டு உடனே அணைந்துவிடும், இரண்டு ப்ராசஸர் இழுக்கிற கரண்டை அது தாங்கவில்லை. சேவ் ஆகாத ஃபைல் போனது போனதுதான்.

உள்ளே இருந்தது என்ன என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ப்ராசஸர் ஜியான் ஈ5-2620, வெளிவந்தது 2012இல். அடிப்படை வேகம் 2 கிகாஹெர்ட்ஸ், முக்கினால் 2.5. நான் கொடுத்த ஐ5-8400 நாலு கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஃபோட்டோஷாப்பிலும் கோரல் ட்ராவிலும் நாம் நாள் முழுக்கச் செய்கிற வேலை, லேயர் நகர்த்துவது, எழுத்து போடுவது, கட் பண்ணுவது, பெரும்பாலும் ஒன்றிரண்டு கோரின் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) வேகத்தில்தான் நடக்கிறது. சில ஃபில்டர்கள் எல்லா கோரையும் பயன்படுத்தும், 3டி ரெண்டரிங் செய்பவருக்கு நிறைய கோர் உண்மையிலேயே உதவும், அதை மறுக்கவில்லை. கொடை பேனருக்கு அது எதற்கு?

குவாட்ரோ கே2000 கார்டு 2013ஆம் வருஷத்துச் சரக்கு, 2 ஜிபி. குவாட்ரோ என்பது கேட் (CAD), அதாவது கட்டட, இயந்திர வரைபட மென்பொருள்காரர்களுக்குத் தனியாகச் சோதித்த டிரைவரோடு வருவது. இப்போதைய ஃபோட்டோஷாப் கேட்பது டைரக்ட்எக்ஸ் (மென்பொருள் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும் விண்டோஸ் வசதி) 12இல் 12_0 லெவல், இந்த கார்டு 11_0 லெவலோடு நின்றுவிட்டது, அதனால் கார்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கிற ப்ராசஸர் பட்டியலில் என் பழைய ஐ5 உண்டு, இந்த ஜியான் கிடையாது! சீல் பிரிக்காதது என்றாரே, ஹார்ட் டிஸ்க்கை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற டிஸ்க் சோதிக்கும் மென்பொருளில் பார்த்தால் முப்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. இரவு பகலாக மூன்று வருஷத்துக்கு மேல்.

திரும்பக் கொண்டுபோனால் முதலில் "சாஃப்ட்வேர் சரியில்ல" என்றார், அப்புறம் "ஒங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல" என்றார். பழைய மெஷினைக் கேட்டேன், விற்றாயிற்றாம். வாரண்டி கேட்டால் "டெஸ்டிங் வாரண்டி மட்டுந்தான்". பில்லில் "கம்ப்யூட்டர் செட் 1" என்று மட்டும் எழுதியிருந்தது.

டிசைன் என்றால் ஜியான், டிசைன் என்றால் மேக் என்று யார் சொன்னாலும், ஃப்ளெக்ஸ் ப்ரஸ்காரர் உங்களிடம் கேட்பது சரியான அளவில் ஒரு டிஃப் (TIFF) படக் ஃபைல்தான், அது எதில் செய்தது என்று கேட்க மாட்டார். இதற்குப் பதிலாகப் புதிய ஐ5-12400, 32 ஜிபி ராம், என்விஎம்இ என்கிற வேகமான வகை எஸ்எஸ்டி போட்டால் இந்த வேலை எல்லாம் சும்மா பறக்கும். உங்களிடம் உள்ள கனமான பிஎஸ்டியை (ஃபோட்டோஷாப் ஃபைல்) பென் டிரைவில் எடுத்துப்போய்க் கடையிலேயே திறந்து, லேயரை இழுத்து, சேவ் கொடுத்துப் பாருங்கள், விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம். ப்ராசஸர் எண்ணை இன்டெல் தளத்தில் அடித்தால் எந்த வருஷத்துச் சரக்கு என்று அங்கேயே தெரிந்துவிடும். மாடல், சீரியல் எண், புதுசா பழசா, எத்தனை மாத வாரண்டி எல்லாம் பில்லில் வரட்டும். அதுவரை பழைய மெஷினைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். சேவ் மட்டும்தான் பிரச்சினை என்றால், ஃபோட்டோஷாப் ப்ரிஃபரன்ஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் பிஎஸ்டி கம்ப்ரஷனை நிறுத்திப் பாருங்கள். ஃபைல் பெரிசாகும், ஆனால் சட்டென்று சேவ் ஆகும். காசே செலவில்லை.

தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்றும் அந்தக் கடைக்காரர் சொன்னார். அதுவும் பொய். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக வாங்கினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் கூப்பிட்டுப் பேசலாம். இதே மாதிரி "சர்வர் மெஷின்" வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் வண்ணார்பேட்டை, மேலப்பாளையம், பேட்டை பக்கம் இருந்தால் பில்லையும் ப்ராசஸர் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், மனு எப்படி எழுதினேன் என்று அனுப்புகிறேன்.