பேராசிரியரா, வரி வழக்கறிஞரா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வணிகச் சட்டமும் வரியும் படித்தால் இரண்டு வழிகள் தெரிகின்றன.

முழுநேரப் பேராசிரியர் என்றால் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலை, நெட் என்ற பேராசிரியர் தகுதித் தேர்வு என்று படியேற வேண்டும். சம்பளம் உறுதி, ஆனால் வழக்காட முடியாது, கறுப்பு அங்கியை மடித்துவைத்துவிட வேண்டியதுதான், வழக்கறிஞர்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி அப்படி.

வழக்கறிஞரோ, வழக்கறிஞர்கள் சட்டம் கற்பிப்பது பற்றிய 1979 விதிகளின்படி, நாளுக்கு 3 மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கலாம். என் ஓட்டு இதற்கே. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையாற்று வணிகவரிச் சோதனைச்சாவடி போனது, சிக்கல் போகவில்லை. கோவைக் கடைக்காரர் பாலக்காட்டுக்கு விற்றால் ஐ.ஜி.எஸ்.டி. என்ற, மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஒரே வரி; கோவைக்குள்ளேயே விற்றால் மத்திய வரி, மாநில வரி என இரண்டு வரிகள். இதை மாற்றிப் போட்ட பில்லோடு வியாபாரி வந்து நிற்பார். அதை வகுப்பில் விரித்தால் எந்தப் பாடநூலும் வேண்டாம்.

ஆராய்ச்சிப் பித்து இருந்தால் மட்டும் முதல் வழி. வருமானவரிக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருப்பதால் எழுதவும் நிறைய இருக்கிறது.