ஆல்பின் வேகா 27: பல வருடம் ஓட்டிய பிறகு எழுதும் அனுபவம்

பழைய பாய்மரப் படகு விற்பனை விளம்பரங்களைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கு ஆல்பின் வேகா என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். சுவீடனைச் சேர்ந்த பேர் புருஹெல் 1960களின் நடுவில் வரைந்த படகு இது. ஆல்பின் மரைன் இதை 1979 வரை கட்டியது. மொத்தம் சுமார் 3,450 படகுகள். அவ்வளவு எண்ணிக்கையில் வந்ததால்தான் இன்றைக்கும் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கிறது. நான் ஒன்றைப் பத்து வருடத்துக்கு மேலாக வைத்து ஓட்டுகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாகவோ இரண்டு பேராகவோ கடலில் தூரம் போக ஆசைப்படுகிறவர், தன் கையாலேயே வேலை செய்யத் தயங்காதவர் என்றால் தாராளமாக வாங்கலாம். இந்தப் படகில் கைக்கு எட்டாத இடமோ, புரியாத பாகமோ கிட்டத்தட்ட இல்லை. என்னைப் பொறுத்தவரை வேகாவின் பெரிய பலம் அதுதான். வேகம், அழகு, இடவசதி எல்லாம் அதற்குப் பிறகு.

நீளம் 8.25 மீட்டர், அகலம் 2.46 மீட்டர், தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 1.17 மீட்டர். மொத்த எடை சுமார் 2.3 டன், அதில் 915 கிலோ, கீலில் (படகின் அடியில் நீளவாக்கில் இறங்கும் தடித்த பகுதி) இருக்கும் இரும்பு. அதாவது எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அடியில் இருக்கிறது. காற்று அடித்துச் சாய்ந்தாலும் ஒரு கோணத்துக்கு மேல் போகாமல் நின்றுகொள்வது இதனால்தான். அந்த இரும்பு ஃபைபர் கிளாஸ் உடலுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. போல்ட் போட்டுத் தொங்கவிட்ட கீல் இல்லை. பழைய படகு வாங்குகிறவருக்கு இது பெரிய நிம்மதி. துருப்பிடித்த கீல் போல்ட் என்ற பயமே கிடையாது. ஆனால் எப்போதாவது பாறையில் மோதிக் கீலின் அடிப்பகுதி உடைந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய் இரும்பைத் தின்னும். படகைக் கரையேற்றியதும் குனிந்து பார்க்க வேண்டிய முதல் இடம் அது.

இனி இந்தப் படகின் பெயர்போன பலவீனம். வேகாவில் பாய்மரம் கீல் வரை இறங்குவதில்லை, கேபின் கூரையின் மேல் நிற்கிறது. நேர் கீழே தூணும் இல்லை, ஏனென்றால் அங்கேதான் முன்பக்கம் போகும் வழி இருக்கிறது. பாய்மரத்தை நிறுத்தி வைக்கும் கம்பிகள் எல்லாம் அதைக் கீழ்நோக்கித்தான் இழுக்கின்றன. அந்தச் சுமை முழுவதையும் கூரைக்கு அடியில் குறுக்கே போகும் ஓர் உத்தரம் வாங்கிப் பக்கச் சுவர்களுக்குக் கொடுக்கிறது. பல வருடம் சுமை தாங்கியதில் அந்த உத்தரம் மெல்லத் தொய்ந்துவிடும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நேரான மரச்சட்டம் ஒன்றைப் பாய்மரத்தின் அடிப்பக்கத்தை ஒட்டிக் கூரையின் குறுக்கே வைத்துப் பாருங்கள். கூரை இயல்பாக நடுவில் சற்று உயர்ந்திருக்க வேண்டும். நடுவில் சட்டத்துக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தால் கூரை குழிந்துவிட்டது. உள்ளே போய் முன்பக்கக் கதவைச் சாத்திப் பாருங்கள். மேல்விளிம்பு இடித்தால் அதுவும் அடையாளம். பாய்மரத்தின் அடியைச் சுற்றி வெள்ளைப் பூச்சில் மயிரிழை விரிசல்கள் நட்சத்திரம் மாதிரிப் பரவியிருப்பது மூன்றாவது. இது தவிர, கம்பிகளை எவ்வளவு முறுக்கி இறுக்கினாலும் ஒரு பயணத்திலேயே தளர்ந்து போகிறது என்று விற்பவர் சொன்னால் காரணம் கம்பியில் இல்லை, உத்தரத்தில்தான்.

என் படகில் இந்தத் தொய்வு இருந்தது. தெரிந்தேதான் வாங்கினேன், அதற்காக விலையும் குறைந்தது. பாய்மரத்தை இறக்கி வைத்துவிட்டு, உத்தரத்துக்குக் கீழே கெட்டி மரத்துண்டு கொடுத்து ஜாக்கியால் தூக்கினேன். ஒரேயடியாகத் தூக்கக்கூடாது. தினமும் கொஞ்சம் ஏற்றி, ஃபைபர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப அவகாசம் கொடுக்க வேண்டும். பிறகு குறுக்கே துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்து எபாக்சிப் பசை பூசி போல்ட் போட்டேன். அதற்குப் பிறகு பலத்த காற்றில் நன்றாகச் சாய்ந்து ஓடும்போதும் காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கம்பிகள் தொளதொளவென்று ஆடுவதில்லை. வேகா விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த உத்தரத்தை யாராவது பலப்படுத்தியிருக்கிறார்களா என்பதுதான். ஆம் என்றால் வேலை நடந்தபோது எடுத்த படத்தைக் கேளுங்கள்.

ஜன்னல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலுமினியச் சட்டத்தில் ரப்பர் வைத்த ஜன்னல்கள், ரப்பர் கெட்டிப்பட்டதும் ஒழுகும். கழற்றிப் புது ரப்பர் போட்டால் சரியாகிவிடும். மெத்தைக்குப் பின்னால் பழுப்புக் கறை வழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பிகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவேயில்லை என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. துருப்பிடிக்காத எஃகு என்றாலும், கம்பி முனையில் அழுத்திப் பொருத்திய உலோக உறைக்குள் உப்புத்தண்ணீர் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். நான் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பஞ்சுத் துணியைக் கம்பியில் சுற்றி மேலிருந்து கீழ்வரை இழுப்பேன். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி சிக்கிக்கொள்ளும். சிக்கிய கம்பியோடு கடலுக்குப் போகவே கூடாது. பத்துப் பதினைந்து வருடம் தாண்டிய கம்பிகளை மாற்றச் சொல்லிப் பல காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பதும் உண்டு. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

எஞ்சினில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஆரம்பகாலப் படகுகளில் ஆல்பினின் சொந்தப் பெட்ரோல் எஞ்சின், பின்னால் வந்தவற்றில் வோல்வோ பென்டா டீசல். பலவற்றில் வழக்கமான கியர்பாக்ஸ் இல்லை. தண்டு ஒரே திசையில் சுற்றும். புரொப்பெல்லரின் இதழ்கள்தான் கோணம் மாறி முன்னே தள்ளும், பின்னே இழுக்கும், பாய் விரித்து ஓடும்போது தண்ணீரைத் தடுக்காமல் நேராக நின்றுகொள்ளும். அருமையான யோசனை. நல்ல நிலையில் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். தேய்ந்துவிட்டால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். என் படகில் முந்தைய உரிமையாளரே சிறிய டீசல் எஞ்சினும் சாதாரணக் கியர்பாக்ஸும் போட்டுவிட்டார். எனக்கு அது போதும், நடுக்கடலில் படுத்துக்கொண்டதில்லை.

பாய் விரித்ததும் இந்தப் படகு வேறு குணம் காட்டும். நீளமான கீல், அதன் பின்விளிம்பிலேயே சுக்கான். நேர்கோட்டில் போவது இதற்கு இயல்பு. காற்றுக்குப் பாயைச் சரிசெய்துவிட்டுச் சுக்கான் பிடியைக் கட்டிப்போட்டு, தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வரலாம், திசை பெரிதாக மாறியிருக்காது. அதே காரணத்தால் எஞ்சினில் பின்னோக்கிப் போவது சிரமம். நெருக்கமான துறையில் பின்புறமாக நுழைக்கத் திட்டமிடவே வேண்டாம். அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, முன்னே வைத்து நுழைந்து, கயிற்றை நம்பித் திருப்புங்கள்.

காற்று 15 நாட் வேகத்தை (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) தாண்டினால் சுக்கான் பிடி கையை இழுக்கத் தொடங்கும். படகு சாயச் சாய அணியம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடிப்பதில் பயனில்லை. பெரிய பாயைக் கொஞ்சம் சுருக்கினால் போதும். படகு நிமிரும், பிடி இரண்டு விரலுக்கு அடங்கும், வேகமும் குறையாது. பெரிய பாயை அதன் அடிவிளிம்பில் இருக்கும் கிடைக்கம்பத்தை (பூம்) சுற்றி உருட்டிச் சுருக்கும் பழைய ஏற்பாடு இன்னும் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். உருட்டிய பாய் தொய்ந்து வடிவம் கெட்டுவிடும், பலத்த காற்றில்தான் பாயின் வடிவம் மிக முக்கியம். எனக்கு ஐந்து நாட் சாதாரண வேகம். தண்ணீரைத் தொடும் நீளம் ஏழு மீட்டர் அளவுதான் என்பதால் ஆறரை நாட்டுக்கு மேல் இந்த உடலிடம் எதிர்பார்க்க முடியாது. மென்காற்றில் பெரிய முன்பாய் இல்லாவிட்டால் பொறுமை வேண்டும்.

உள்ளே நான்கு படுக்கை. ஆனால் நான்கு பேர் ஒரு வாரம் இருந்தால் மனக்கசப்பு வந்துவிடும், இரண்டு பேருக்குத்தான் இது வீடு. ஆறடி உயரம் இருப்பவர் நிமிர முடியாது. குடிதண்ணீருக்கும் சாமான்களுக்கும் இடம் குறைவு. பாரம் ஏற்றினால் படகு மந்தமாவதும் தெரியும். இவ்வளவு குறுகலான படகில் தூரம் போக முடியுமா என்று கேட்பவர்களுக்கு மாட் ரதர்ஃபோர்டை நினைவுபடுத்துவேன். 2011-12இல் அவர் ஒரு பழைய வேகா 27இல் தன்னந்தனியாக, எங்கும் நிறுத்தாமல், கனடாவுக்கு வடக்கே ஆர்க்டிக்கில் உள்ள 'வடமேற்குக் கடல்வழி' ஊடாகப் போய் இரண்டு அமெரிக்கக் கண்டங்களையும் 309 நாட்களில் சுற்றி வந்தார். நாம் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. ஆனாலும் நடுக்கடலில் அலை எழும்போது அந்தப் பயணம் ஞாபகத்துக்கு வருவது எனக்குத் தைரியம் தருகிறது.

பணம் கொடுக்கும் முன் படகைக் கரையேற்றிப் பார்ப்பதோடு, குறைந்தது 15 நாட் காற்று அடிக்கும் நாளில் ஓட்டியும் பாருங்கள். அமைதியான நாளில் எல்லா வேகாவும் நன்றாகவே ஓடும். காற்றுள்ள நாளில் சாய்த்து ஓட்டும்போது ஒருவரைக் கேபினுக்குள் அனுப்பி முன்பக்கக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். துறையில் சரளமாக மூடிய கதவு அப்போது இடித்தால், உத்தர வேலைக்கான தொகையை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.