உறைகடலோடு ஆறு வருடம்

டொமினியன்ஸ் 5 என்ற கணினி உத்தி விளையாட்டை நான் வாங்கியது 2018 தொடக்கத்தில். கேம் வெளிவந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அன்றிலிருந்து எத்தனையோ நாடுகளை எடுத்து ஆடிப் பார்த்துவிட்டேன். எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே நாட்டுக்குத்தான் திரும்பி வருகிறேன்: மூன்றாம் யுகத்து அட்லாண்டிஸ். கேமில் அதற்குத் துணைப்பெயர் 'உறைந்த கடல்'. நீரிலும் நிலத்திலும் வாழும் மக்கள், பனி, பனிமேல் கட்டிய அரசு. இந்த நாட்டை ஆட நினைப்பவர்களுக்காக, ஆறு வருடத்தில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

கேம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒவ்வொரு வீரரும் ஒரு கடவுள், அதாவது கடவுளாக முயல்பவர். ஒரு டர்ன் என்பது ஒரு மாதம். எல்லாரும் ஒரே நேரத்தில் ஆணை கொடுப்பார்கள், பிறகு எல்லாம் ஒன்றாக நடக்கும். சண்டை தொடங்கிவிட்டால் நீங்கள் வெறும் பார்வையாளர். யார் எங்கே நிற்பது, மந்திரவாதி முதல் ஐந்து சுற்றில் எதைச் செய்வது என்பதை முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். உங்கள் கடவுளின் செல்வாக்கு மாகாணம் மாகாணமாக மெழுகுவர்த்திகளாகப் பரவும். அது பரவும் இடத்தில் நிலத்தின் தன்மையே மெல்ல மாறும்: வெப்பம், குளிர், வளம், அழிவு எல்லாம் உங்கள் கடவுளின் விருப்பப்படி நகரும். செய்தது இல்விண்டர் என்ற சின்ன ஸ்வீடன் குழு. அந்தப் பெயரிலேயே ஒரு பெரிய மந்திரம் கேமுக்குள் இருக்கிறது. யாராவது அதைப் போட்டால் உலகம் முழுக்கக் குளிர் இறங்கும். குளிர் என்பது இந்தக் கேமுக்கு எவ்வளவு நெருக்கமான விஷயம் என்று அந்தப் பெயரிலேயே தெரியும்.

அட்லாண்டிஸ் மூன்று யுகத்திலும் உண்டு. முதல் யுகத்தில் ஆழத்திலிருந்து எழுந்து வருகிறார்கள், இரண்டாவதில் ஆழ்கடல் அரசர்களாக இருக்கிறார்கள், மூன்றாவதில் அந்தப் பெருமை போய் வடக்கே பனிக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். இழந்தவர்களின் நாடு இது. எனக்கு அதில்தான் முதல் பிடிப்பு வந்தது. பெருங்கடல் முழுக்கச் சொந்தமாக இருந்தவர்கள் திமிங்கல வேட்டையும் பனிக்குடிசையுமாக வாழ்வதை யூனிட் விவரங்களில் படிக்கும்போது, அவர்களைத் திரும்பக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று உண்மையாகவே தோன்றியது.

ஆனால் நான் செய்த முதல் தவறு, இதை ஒரு பனி நாடாக மட்டும் பார்த்தது. குளிர் ஸ்கேலை, அதாவது என் கடவுளின் செல்வாக்கு நிலத்துக்குத் தரும் குளிரின் அளவை, கடைசிவரை ஏற்றினேன். கோவில்மேல் கோவிலாகக் கட்டி, பூசாரிகளை எல்லைக்கு அனுப்பிப் பிரசங்கம் பண்ணவைத்து, குளிரை அண்டை நாடுகளுக்குள் தள்ளினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு நாடு விரும்பும் தட்பவெப்பத்திலிருந்து நிலம் விலகினால் வரி குறையும், படைக்கான உணவும் குறையும். எதிரியின் வயலில் பனி கொட்டினால் அவன் பஞ்சத்தில் கிடப்பான், நான் வசதியாக இருப்பேன் என்று நினைத்தேன்.

எனக்கும் தெற்கே இருந்த உல்ம் நாட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடியது. உல்மை ஆடியவர் என் பழைய அறை நண்பர். இந்தக் கேமில் ஆற்று எல்லையைச் சாதாரணப் படை கடக்க முடியாது. அந்த ஆற்றை நம்பி நான் அந்தப் பக்கம் ஒரு கோட்டைகூடக் கட்டவில்லை. மூன்றாவது வருடத்து மார்கழியில் (எங்கள் குழுவில் குளிர்கால மாதங்களுக்கு அப்படித்தான் பேர்) ஒரு செய்தி வந்தது: "டேய், ஆறு உறைஞ்சு போச்சு, பாத்தியா?" மேப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு கரையிலும் என் வெள்ளை மெழுகுவர்த்திகள் எரிகின்றன, இரண்டு கரையிலும் குளிர். உறைந்த ஆற்றை எந்தப் படையும் நடந்தே கடக்கலாம். கனமான கவசம் போட்ட உல்ம் காலாட்படை அடுத்த டர்னில் என் தலைநகரத்துக்கு ஒரு மாகாணம் தள்ளி நின்றது. என்னைக் காத்துக்கொண்டிருந்த ஆற்றை நானேதான் வருடக்கணக்காக உழைத்து உறையவைத்திருக்கிறேன்.

அந்த ஆட்டம் ஐந்து டர்னில் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் மேப்பை வேறு மாதிரி படிக்கப் பழகினேன். குளிர் ஆற்றைத் திறக்கும், மலைக்கணவாயை மூடும். ஆகவே மலை எல்லை இருக்கும் பக்கம் குளிரைத் தாராளமாகப் பரப்பலாம், அதுவே கதவைச் சாத்திவிடும். ஆறு இருக்கும் பக்கம் கோவில் கட்டுமுன் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிக்க வேண்டும். புதிதாக இந்த நாட்டை எடுப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மந்திரங்களைப் பிறகு படியுங்கள், எல்லைக்கோடுகளை முதலில் பாருங்கள்.

சரி, குளிர் போகட்டும். இந்த நாட்டின் உண்மையான பலம் கரை. எல்லாருக்கும் கடல் ஒரு முடிவு. அங்கே அவர்கள் நாடு நின்றுவிடுகிறது. அட்லாண்டிஸுக்கு அங்கேதான் வாசல். நடுக்கடல் மாகாணம் ஒன்றில் ஒரு நல்ல படை இருந்தால், அதைச் சுற்றி இருக்கும் ஐந்தாறு கரையோர மாகாணங்களுக்கும் காவல் போட வேண்டிய கட்டாயம் எதிரிக்கு. எங்கே ஏறுவீர்கள் என்று அவருக்குத் தெரியாது. ஏறினீர்கள், கோவிலை இடித்தீர்கள், பெரிய படை வருகிறதா, மறுபடி நீருக்குள் இறங்கிவிடுங்கள். அவரால் துரத்த முடியாது. அப்படியே யாராவது மந்திரப் பொருளின் உதவியோடு சிறு படையாக உள்ளே வந்தாலும் அவர்களின் வில் நீருக்கடியில் வேலை செய்யாது, நெருப்பு மந்திரமும் எடுபடாது. நிலத்தில் நம்மை அஞ்சவைத்த படை கடலில் பாதிப் படையாகிவிடும்.

இதில் என் மனதில் நிற்கும் ஒரு டர்ன் உண்டு. 2020-இல் ஆடிய ஒரு மல்டிபிளேயர் ஆட்டம், ஒரு நாளைக்கு ஒரு டர்ன் வீதம் ஐந்து மாதம் ஓடியது. கடலுக்கு அக்கரையில் மரிக்னான் நாடு. அந்த யுகத்தில் அவர்களுக்குக் 'கடலை வென்றவர்கள்' என்று பேர். கப்பலில் படையை ஏற்றிக் கடல் மாகாணத்தைத் தாண்டி நேராக அடுத்த கரையில் இறக்க அவர்களால் முடியும். எனக்கு அது தெரியும், என் படை கடலுக்கடியில் இருக்கிறது என்று மரிக்னானை ஆடியவருக்கும் தெரியும். அந்த மாதம் இரண்டு பேரும் ஒரே முடிவை எடுத்திருக்கிறோம். அவருடைய கப்பல்கள் மேலே போயின, என் ஈட்டிக்காரர்கள் அடியில் போனார்கள். கப்பலில் போகும் படை கடல் மாகாணத்தில் நிற்பதில்லை, கடந்துதான் போகும்; அதனால் நடுவில் சண்டையே இல்லை. டர்ன் முடிந்து பார்த்தால் அவருடைய கொடி என் கரையில், என் கொடி அவருடைய கரையில்! அந்த மேப்பைப் பத்து நிமிடமாவது பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். ஒரே நீரின் மேலும் கீழுமாக இரண்டு படைகள் ஒன்றையொன்று தாண்டிப் போன அந்தக் காட்சியை எந்த அனிமேஷனும் காட்டவில்லை, வெறும் இரண்டு கொடிகள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். வேறு எந்தக் கேமிலும் எனக்கு அப்படி ஒரு தருணம் கிடைக்கவில்லை. அந்தப் போரில் நான் ஜெயித்தேன், காரணம் எளிது: என் படைக்குத் திரும்பி வர வழி இருந்தது, அவருடைய படைக்குக் கப்பல் தலைவன் செத்தபிறகு வழி இல்லை.

மந்திரத்துக்கு வருகிறேன். நான் பெரும்பாலும் நீரையும் மரணத்தையும் நம்பித்தான் ஆடுகிறேன். போர்க்களம் முழுக்கக் குளிரை இறக்கி, குளிர் தாங்காத எல்லாரையும் சுற்றுக்குச் சுற்று களைக்கவைக்கும் 'குளிரின் பிடி' மந்திரம் ஒன்று போதும், கனமான கவசக்காரர்கள் நின்ற இடத்திலேயே மயங்கிச் சரிவார்கள். ஆனால் 'எல்லாரையும்' என்றால் உண்மையிலேயே எல்லாரையும். எண்ணிக்கைக்காக நான் காசு கொடுத்துச் சேர்த்திருந்த நிலத்து வில்லாளிகளும் எதிரியோடு சேர்ந்தே சுருண்டார்கள். அவர்களைக் கடலுக்குள்ளும் கூட்டிப்போக முடியாது. ஆக, இரண்டு வகையிலும் சுமை. இப்போதெல்லாம் கலப்புப் படையே வைப்பதில்லை. எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, நீரில் இறங்கக்கூடியவர்கள் மட்டும்.

இந்த நாட்டின் ஷாமன்களுக்கு அங்ககோக் என்று பேர். அது இனுயிட் மக்களின் நிஜமான சொல். அதேபோலத் தூபிலாக். கிரீன்லாந்து மரபில் தூபிலாக் என்பது விலங்குகளின் எலும்பு, தோல், முடி, நரம்பு இவற்றைக் கட்டி மந்திரம் ஓதிக் கடலில் விடும் ஓர் ஏவல். அது நீந்திப்போய் எதிரியைக் கொல்லும். எதிரி ஏவியவரைவிட மந்திரத்தில் பலசாலியாக இருந்தால் திரும்பி வந்து ஏவியவரையே கொல்லும். நம் ஊரில் ஏவல், பில்லி பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்தத் திரும்பி வரும் பயம் இங்கேயும் அப்படியே உண்டு. தூபிலாக்கை ஏவும் சடங்கு கேமிலும் இருக்கிறது. எதிரித் தளபதிகள்மேல் அதை ஏவுவது எனக்குப் பழக்கம். கோட்டைக்குள் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் ஒரு மந்திரவாதியை இழப்பது எதிரிக்கு ஐம்பது காலாள்களை இழப்பதைவிட வலிக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குளிரைப் பொருட்படுத்தாத எதிரிகளிடம் பாதி ஆயுதம் வீண். க்டிஸ் நாட்டுப் பல்லி மனிதர்கள் குளிர் ரத்தக்காரர்கள், என் எல்லைக்குள் வந்தாலே தளர்ந்துவிடுவார்கள். முதல் சண்டையில் சந்தோஷமாக இருந்தது. அடுத்த சண்டைக்கு அவர்கள் பல்லிகளை வீட்டில் விட்டுவிட்டுக் கல்லறைகளிலிருந்து எழுப்பிய எலும்புக்கூடுகளை அனுப்பினார்கள். எலும்புக்கூட்டுக்குக் களைப்பும் இல்லை, குளிரும் இல்லை. ர்ல்யே என்ற கடல் நாடு பக்கத்துக் கடலில் அமைந்தால் இன்னும் கஷ்டம். அந்த யுகத்தில் அவர்களின் செல்வாக்கு பரவும் இடத்தில் நம் தளபதிகளுக்குப் புத்தி பேதலிக்கும், கொடுத்த ஆணையை விட்டுவிட்டுத் தங்கள் போக்கில் எதையாவது செய்வார்கள். கரை தாவும் உத்தி முழுக்கத் தளபதி சொன்ன மாதத்தில் சொன்ன இடத்துக்குப் போவதை நம்பியது. ர்ல்யேயோடு சமாதானம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள், முதல் வருடமே இறங்குங்கள்.

இன்னொன்று, கடல் என்றைக்கும் நமக்கு மட்டும் சொந்தமாக இருக்காது. ஆட்டத்தின் நடுவில் மீன் தாயத்து மாதிரிப் பொருட்களோடு எதிரித் தளபதிகள் உள்ளே வருவார்கள். கடைசிக் கட்டத்தில் யாராவது 'தீட்டிஸின் ஆசி'யைப் போட்டால் எல்லாப் படைகளும் நீரில் மூச்சுவிடும். அதற்குள் கரையில் நாலு கோட்டை நம் கையில் இருக்க வேண்டும். கடவுளை உருவாக்கும்போது அவர் எப்போது களத்துக்கு வருவார் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்; நான் அவரைச் சிறையில் வைத்து மூன்று வருடம் காத்திருப்பதில்லை. ஒரு வருட அளவில் விழிக்கும் உறக்கநிலையே போதும் என்று ஆகிவிட்டது. காத்திருக்கும் நாடு இல்லை இது.

2024 ஜனவரியில் டொமினியன்ஸ் 6 வந்தது, நாங்களும் மாறினோம். குதிரை வேறு, வீரன் வேறு என்று தனித்தனி யூனிட்டாகப் பிரித்திருக்கிறார்கள், சண்டை முன்போலச் சுற்றுச் சுற்றாக இல்லாமல் தொடர்ந்து ஓடுகிறது, மாயைக்கென்று புது மந்திர வழி ஒன்றும் வந்திருக்கிறது. கரையைப் பற்றி நான் சொன்னதில் எதுவும் மாறவில்லை.

இப்போது ஓடும் ஆட்டத்தில் என் அண்டை மறுபடியும் அதே அறை நண்பர், மறுபடியும் உல்ம். நடுவில் இந்த முறையும் ஓர் ஆறு. அந்தப் பக்கம் நான் ஒரு கோவிலும் கட்டவில்லை. ஐப்பசி மாதம் நடக்கிறது. படை முழுவதையும் மேற்குக் கடலில் இறக்கிவிட்டேன், அவருடைய கரை அங்கிருந்து ஒரு மாதத் தூரம். ஆறு உறைகிறதா என்று அவர் இந்நேரம் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.